நாஸ் பெட்டி வாங்கப் போகும் அண்ணாச்சிகளுக்கு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கேமரா தூக்கிப் பிழைக்கும் அனைவருக்கும், எடிட்டிங் அறையில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும்,

வைகாசி முகூர்த்தம் தொட்டு, மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கிற நேரமெல்லாம் நம் ஆட்கள் பேசுவது ஒரே பேச்சுதான். "அண்ணாச்சி, நாஸ் போட்டாச்சா?" யாரோ ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். கறுப்புப் பெட்டி, உள்ளே நாலு ஹார்டு டிஸ்க், முன்பக்கம் பச்சை விளக்கு மினுங்குகிறது, எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் எல்லாக் கல்யாணமும் திறக்கிறது. என்னிடமும் ஏழெட்டுப் பேர் எதை வாங்கலாம் என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் இந்த மடல்.

எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு கல்யாணத்தைத் தொலைத்தவன் என்ற யோக்கியதைதான். ஆல்பம் கொடுத்து, பணம் வாங்கி, எட்டு மாதம் ஆன கல்யாணம். ஒருநாள் காலையில் பெண்ணின் அண்ணன் கடைக்கு வந்து நின்றான். அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்குப் பெரிய படமாக மாட்ட வேண்டும், கல்யாணத்தில் நீங்கள் எடுத்ததில் நல்லதாக ஒன்று கொடுங்கள் என்றான். எனக்கு அந்தப் படம் கண்ணிலேயே நின்றது. மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்று, யாரோ சொன்ன பேச்சுக்கு வாய்விட்டுச் சிரித்தார் அந்த மனிதர். அந்தச் சிரிப்பில் மட்டும் பத்துப் பன்னிரண்டு கிளிக் எடுத்திருந்தேன். ஆல்பத்தில் அது போகவில்லை. பார்ட்டி செலக்‌ஷனில் மேடைப் படங்களைத்தான் டிக் அடித்திருந்தார்கள். அலமாரியில் இருந்து ஹார்டு டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். 'டிக்... டிக்... டிக்' என்று பல்லி கத்துகிற மாதிரி சத்தம், அவ்வளவுதான். சென்னைக்கு அனுப்பிப் பார்த்தேன், பைசா போனதுதான் மிச்சம். கடைசியில் அந்தப் பையனின் போனில் இருந்த ஒரு வாட்ஸ்அப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தோம். 12-க்கு 18 அளவில் முகம் மாவு பூசின மாதிரி இருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, பணம் எவ்வளவு என்று கேட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த டிஸ்க்கின் மேல் நான் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது 'மிச்சம் – 2'. உங்கள் அலமாரியிலும் 'ஆவணி டூ தை', 'மிச்சம்', 'புதுசு', 'தொடாதே' என்று ஒரு வரிசை இருக்கும். இருக்காது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். முதலில் யார் வாங்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். தனி ஆளாக ஓடுகிறவர், ஒரே கம்ப்யூட்டர், வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு விசேஷம் என்றால் உங்களுக்கு நாஸ் தேவையில்லை. இரண்டு நல்ல எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி, இரண்டிலும் ஒன்றே போலக் காப்பி போட்டு, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு 85 எம்.எம். லென்ஸ் வாங்கலாம். நாஸ் என்பது நெட்வொர்க்கில் மாட்டிவைக்கிற பொது அலமாரி. போட்டோ எடிட் செய்கிறவர் ஒருவர், வீடியோ கோர்க்கிறவர் ஒருவர், ஆல்பம் டிசைனிங் ஒருவர் என்று இரண்டு மூன்று பேர் ஒரே டேட்டாவுக்காக ஹார்டு டிஸ்க்கைக் கை மாற்றிக்கொண்டிருக்கும் கடைக்குத்தான் அது உண்மையில் உதவும்.

எத்தனை டிபி வேண்டும் என்பதை விற்பவர் வாயால் கேட்காமல் நாமே கணக்குப் போடலாம். 24 மெகாபிக்சல் கேமராவின் ஒரு ரா ஃபைல் சுமார் 30 எம்.பி. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் கிளிக் என்றால் 120 ஜி.பி. வீடியோவை 4கே-யில் 100 எம்.பி.பி.எஸ். வைத்து எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. இரண்டு கேமரா, ஆளுக்கு ஐந்தரை மணி நேரம் ஓடினால் ஐந்நூறைத் தொடும். ஆக முகூர்த்தம், வரவேற்பு எல்லாம் சேர்ந்து ஒரு கல்யாணம் 600 ஜி.பி.க்குக் குறையாது. சடங்கு வீடு, காதுகுத்து எல்லாம் அதில் பாதிக்குள் அடங்கும். வருஷத்துக்கு முப்பது கல்யாணம் எடுக்கிற கடை எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நினைத்தால் 18 டிபி. யாராலும் அப்படிக் கட்டி அழ முடியாது. அதனால் பெட்டி வாங்கும் முன்பு ஒரு முடிவு எடுங்கள்: ரா ஃபைலை எத்தனை வருஷம் வைப்பது, வெட்டாத வீடியோவை எப்போது அழிப்பது. நான் முடித்துக் கொடுத்த வீடியோவையும் எல்லாப் படங்களையும் வைத்துக்கொண்டு, வெட்டாத வீடியோவை ஒரு வருஷத்தில் அழிக்கிறேன். அதை அட்வான்ஸ் வாங்கும் பில்லிலேயே அச்சடித்துவிட்டேன். அதனால் எந்தப் பார்ட்டியும் சண்டைக்கு வரவில்லை.

இந்தக் கணக்கில் நம் ஊர்க் கடைகள் பலவற்றுக்கு இரண்டு டிஸ்க் பெட்டி போதும். வீடியோ அதிகம் என்றால் நாலு. இரண்டு டிஸ்க் பெட்டியில் ஒன்றில் எழுதுவதை அப்படியே இன்னொன்றிலும் எழுதும் முறையைத்தான் ரெய்டு 1 என்கிறார்கள். இரண்டு 8 டிபி போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 8 டிபி. ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். நாலு டிஸ்க்கில் ரெய்டு 5 போட்டால் மூன்று டிஸ்க் அளவு கிடைக்கும், ஏதாவது ஒன்று போனால் தாங்கும். ரெய்டு 0 என்று ஒன்று உண்டு, வேகமாக இருக்கும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அதில் ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "ரெண்டு டிஸ்க் இருக்கே, அப்புறம் என்ன பேக்கப்?" என்கிறார்கள். நம் கோயிலில் சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியில் நிற்கிறார்கள். அது சாமி, அதற்கு ஒன்றும் ஆகாது. இந்தப் பெட்டியிலும் இரண்டு டிஸ்க்குக்கு ஒரே உடம்புதான், ஆனால் உடம்புக்கு வருவதெல்லாம் இரண்டுக்கும் சேர்ந்தே வரும். இடி விழுந்தால் இரண்டும் போகும். திருடன் பெட்டியோடுதான் தூக்குவான். எடிட்டர் தம்பி தூக்கக் கலக்கத்தில் ஒரு ஃபோல்டரை டெலிட் செய்தால் அது இரண்டிலும் அந்த நொடியே டெலிட் ஆகும். ரெய்டு என்பது டிஸ்க் செத்த அன்றும் கடை ஓடுவதற்கான ஏற்பாடு. பேக்கப் வேறு சங்கதி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிராண்டு கேட்கிறீர்கள். சைனாலஜி, கியூநாப் இரண்டும் தைவான் கம்பெனிகள், இரண்டிலும் நல்ல பெட்டி உண்டு. சைனாலஜியின் மென்பொருள் நம் போன்றவர்களுக்குச் சுலபம், நான் வைத்திருப்பதும் அதுதான். ஆனால் அந்தக் கம்பெனியும் 2025-இல் ஒரு வேலை செய்தது. அந்த ஆண்டு வந்த பிளஸ் வரிசைப் பெட்டிகள், கம்பெனி ஒப்புக்கொண்ட டிஸ்க்கை மட்டுமே ஏற்கும் என்றது. உலகம் முழுக்க வாங்கினவர்கள் திட்டித் தீர்த்த பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் தன் டிஎஸ்எம் மென்பொருளின் 7.3 பதிப்போடு அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. ஆகவே எந்த மாடலாக இருந்தாலும் எந்த டிஸ்க் போடலாம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டரிலேயே இலவச மென்பொருள் போட்டு நாஸ் ஆக்கலாம் என்று சில தம்பிகள் சொல்கிறார்கள். ஆக்கலாம், அந்தத் தம்பி துபாய்க்குப் போன பிறகு யார் பார்ப்பது?

டிஸ்க்கில்தான் கஞ்சத்தனம் கூடாது. நம் பக்கத்துக் கடைகளில் கையிருப்பில் கிடைப்பது பெரும்பாலும் சிசிடிவி டிஸ்க். "இதுவும் 24 மணி நேரம் ஓடும் சார்" என்று தள்ளிவிடுவார்கள். அது கேமராக் காட்சியை இடைவிடாமல் எழுதிக்கொண்டே போவதற்காகச் செய்தது. நாஸுக்கென்றே சீகேட்டில் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி-யில் ரெட் பிளஸ் இருக்கின்றன. அந்த 'பிளஸ்' முக்கியம். 2020-இல் ஒரு விவகாரம் வெடித்தது: டபிள்யூடி ரெட் என்ற பெயரில் விற்ற சில டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறை இருப்பதை வெளியே சொல்லாமலே விற்றிருக்கிறார்கள். நாட்டு ஓடு வேய்கிற மாதிரி ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் முறை அது. ஓட்டுக்கூரையில் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் கலைக்க வேண்டும் அல்லவா, அதே பாடுதான். ரெய்டில் செத்த டிஸ்க்கை மாற்றிப் புதிதாகக் கட்டும்போது அது இழுத்துக்கொண்டே போகும். அதனால் தடத்தின் மேல் தடம் ஏற்றாத சிஎம்ஆர் முறை என்று உறுதியாகத் தெரிந்ததையே கேளுங்கள். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காதீர்கள். ஒரே லாட்டில் வந்த டிஸ்க்குகள் ஒன்றாகவே சாகவும் கூடும்.

இனி கம்பி. போன மாதம் ஒரு நண்பர் போன் செய்து, பெட்டி வாங்கி ஏமாந்துவிட்டேன், ஒரு கல்யாணம் காப்பி ஆக ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகிறது என்று அழாக்குறையாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். புத்தம் புதுப் பெட்டி, நல்ல டிஸ்க். நடுவில் மாட்டியிருந்ததோ கேபிள் டிவிக்காரர் எந்தக் காலத்திலோ கொடுத்த 100 எம்.பி.பி.எஸ். ஸ்விட்ச். அதில் நொடிக்கு 11 எம்.பி.க்கு மேல் போகாது, 600 ஜி.பி. போக 15 மணி நேரம். அதே இடத்தில் ஒரு கிகாபிட் ஸ்விட்ச்சும் கேட் 6 கேபிளும் போட்டதும் நொடிக்கு 110 எம்.பி. வந்தது, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. செலவு ஓர் அவுட்டோர் ஷூட்டுக்குக் கொடுக்கும் பெட்ரோல் காசு. வைஃபையில் இந்த வேலை வேண்டாம். இன்னொன்று: லைட்ரூம் கேட்டலாக் நெட்வொர்க் டிரைவில் இருந்து திறக்காது, அது உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், படங்கள் மட்டும் பெட்டியில் இருக்கலாம். எடியஸில் 4கே கோர்க்கிறவர்கள் நடப்பு வேலையைத் தங்கள் எஸ்எஸ்டி-யில் வைத்து முடித்துவிட்டு, பிறகு பெட்டிக்கு ஏற்றினால் கைக்கு இதம்.

நம் ஊருக்கென்றே இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள். ஒன்று கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதில் இருந்து மாலை வரை நிறுத்துவது முன்கூட்டியே தெரிந்துவிடும், அது கூடப் பரவாயில்லை. ஆனி, ஆடிக் காற்றில் கம்பி உரசி சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் போய் வருகிறதே, அதுதான் டிஸ்க்கைக் கொல்லும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பாமல் தனி யுபிஎஸ் ஒன்று போடுங்கள். யுஎஸ்பி போர்ட் உள்ள யுபிஎஸ்ஸாகக் கேட்டு வாங்கி, அந்தக் கேபிளை நாஸில் சொருகிவிட்டால், பேட்டரி தீரப்போகும்போது பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

இரண்டாவது எதிரி பஞ்சு. தறிக்கூடத்துக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் இருக்கும் ஒரு ஸ்டூடியோவில் பெட்டி அடிக்கடி சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். பின்பக்க ஃபேனைக் கழற்றினேன். இறக்கை தெரியவில்லை. வெள்ளைப் பஞ்சு, நடுநடுவே ஒரு சேலையின் சிவப்பு நூல் துணுக்கு, கையால் உரித்தால் போர்வை மாதிரி ஒரே படலமாக வந்தது. உள்ளே டிஸ்க்கின் சூடு 58 டிகிரி காட்டியது. நல்ல டிஸ்க் 40-ஐ ஒட்டி இருக்க வேண்டும். விசைத்தறி ஓடுகிற ஊரில் இருக்கிறோம். மாதம் ஒருமுறை கேமராவுக்கு வைத்திருக்கும் புளோயரை இந்தப் பெட்டிக்கும் காட்டுங்கள். மூடின அலமாரிக்குள் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஏறி, திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் நின்றது. தரைத்தளத்தில் கடை வைத்திருக்கும் எவரும் அதை மறக்கக் கூடாது.

பெட்டியை மாட்டின உடனே எல்லோருக்கும் வரும் ஆசை, வெளியூரில் இருந்து போனிலேயே திறந்து பார்ட்டிக்குக் காட்ட வேண்டும் என்பது. ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டு அதைச் செய்யாதீர்கள். 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்ற கொள்ளை, இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்து, உள்ளே இருந்த ஃபைல்களை 7-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு 0.01 பிட்காயின் கேட்டது. அடுத்த ஜனவரியில் டெட்போல்ட் என்று இன்னொன்று. வீட்டில் குடும்பப் படம் வைத்திருந்தவர், கடை வைத்திருந்தவர் என்று பார்க்காமல் எல்லோரிடமும் கேட்டார்கள். மென்பொருளை அப்டேட்டில் வையுங்கள், 'அட்மின்' என்ற பெயரை முடக்கிவிட்டு வேறு பெயரில் நுழையுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள், ஸ்னாப்ஷாட் வசதி உள்ள மாடலாக இருந்தால் அதை ஓடவிடுங்கள். எடிட்டர் தம்பி தெரியாமல் அழித்தது கூட அதில் திரும்பக் கிடைக்கும்.

சின்னக் கடையை யார் தேடி வரப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பெரிய இடமும் தப்பவில்லை. இது நம் தொழிலோடு ஒட்டின கதை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடி அலைந்து, பரணில் கிடந்த கண்ணாடி நெகட்டிவையும் பழைய பிரிண்டையும் ஸ்கேன் செய்தார்கள். நம் தாத்தாக்கள் கோட்டு இரவல் வாங்கிப் போட்டு, வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் விறைத்து நின்ற படங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குப் பணம் கொடுத்தது, படங்களை இணையத்திலும் வைத்தது. 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கம்ப்யூட்டர்களையே ரைசிடா என்ற ஹேக்கர் கும்பல் தாக்கியது. மாதக்கணக்கில் அந்தப் பக்கம் திறக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு விதி உண்டு: ஆவணம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டிலும் ஒரு பிரதி இருந்தாக வேண்டும்.

அந்த விதியைத்தான் நமக்கும் சொல்ல வருகிறேன். கம்ப்யூட்டர்காரர்கள் 3-2-1 என்று பெருமையாகச் சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். இதை அந்த வடிவத்தில் எழுதிப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், டிஜிட்டல் படங்களைப் பராமரிப்பது பற்றிய தன் புத்தகத்தில். நம் இனத்தான் சொன்னதை நாம்தான் கேட்பதில்லை.

நடைமுறையில் இப்படி: கார்டில் இருந்து இறக்கியதும் ஒன்று நாஸில். இரண்டாவது, அதே நாஸின் யுஎஸ்பியில் சொருகி ராத்திரி தானாகக் காப்பி ஆகும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில். காப்பி முடிந்ததும் காலையில் கழற்றிவிடுங்கள், சொருகியே கிடந்தால் பூட்டுகிறவன் அதையும் பூட்டுவான். மூன்றாவது, வேறு கட்டிடத்தில். கிளவுடில் போடலாம்தான், ஆனால் 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு வருகிற லைனில் ஒரு கல்யாணம் ஏற மூன்று நாள் ஆகும். அதனால் கிளவுடுக்கு முடித்த ஆல்பமும் தேர்ந்தெடுத்த படங்களும் மட்டும் போகட்டும். மற்றதெல்லாம் ஒரு டிஸ்க்கில், புளியங்குடியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டு பீரோவில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள், ஏதாவது ஒரு கல்யாணத்தைத் திறந்து படம் வருகிறதா என்று பாருங்கள். 'மிச்சம் – 2'-ஐ நான் எட்டு மாதம் திறக்கவே இல்லை.

தங்கச்சி இல்லாதவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு ஸ்டூடியோக்காரர்கள் ஜோடி சேர்ந்து ஒருவர் டிஸ்க்கை மற்றவர் கடையில் வைத்துக்கொள்ளலாம். பார்ட்டி நம்பரை எடுத்துவிடுவான், படத்தைப் பார்த்துவிடுவான் என்ற பயம் நியாயமானதுதான், பெண்பிள்ளைகள் படம் இருக்கிறது. டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டு என்கிரிப்ட் செய்து கொடுங்கள், வைத்திருப்பவருக்கு அது வெறும் செங்கல். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். மறந்தால் உங்களுக்கும் செங்கல்தான்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், நாலு டிஸ்க் பெட்டி வாங்கக் கையில் பணம் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது: இரண்டு டிஸ்க் பெட்டி வாங்குங்கள், மிச்சத்தில் யுபிஎஸ்ஸும் கிகாபிட் ஸ்விட்ச்சும் வெளியே வைக்க இரண்டு எக்ஸ்டெர்னலும் வாங்குங்கள். பெட்டி சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆடித் தபசுத் திருவிழா முடியும் வரை கோயில் வேலையும் கூட்டமும் இருக்கும், அதற்கப்புறம் கடையில் ஈ ஓட்டுவோம். தபசு கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அலமாரியில் கிடக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று விடாமல் ஒரு பையில் போட்டு என் கடைக்கு எடுத்து வாருங்கள். மத்தியானம் பிரியாணி என் செலவு. எத்தனை டிஸ்க் இன்னும் ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பெட்டிக்கு விலை விசாரிப்போம்.

இப்படிக்கு,
உங்களோடு பந்திக்குக் காத்திருக்கும் ஒருவன்